ஓதமும் ஊழும்

ஊழ் என்ற ஒன்று உண்டா, உண்டென்றால் அதன் முன் மனித முயற்சிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழும் இடங்களிலெல்லாம், விடை தேடுவோர் முதலில் கைநீட்டி எடுப்பது நீரைப் பற்றிய ஓர் உவமையாகவே இருக்கிறது. புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் உயிரின் வாழ்வை மலையாற்று வெள்ளத்தின் போக்கில் போகும் தெப்பத்தோடு ஒப்பிட்டார். உலகில் நடப்பவை யாவும் ஒரே காரணச் சங்கிலியில் கோக்கப்பட்டவை என்று கொண்டு, அந்தச் சங்கிலிக்கு மனம் இசைந்து வாழ்வதே அறிவுடைமை என்று போதித்த கிரேக்க, ரோமானியச் சிந்தனையாளர்களான ஸ்டோயிக்குகள், கடலையும் புயலையும் எடுத்துக்காட்டினார்கள். இத்தகைய உவமைகள் வெறும் அணி அல்ல. பாதி முடிவை அவையே எடுத்துவிடுகின்றன. தெப்பத்துக்குச் சுக்கான் கிடையாது, ஆறும் ஒருபோதும் மலையை நோக்கித் திரும்புவதில்லை என்பதால், அந்த உவமையைக் கைக்கொண்டவர் முயற்சியைப் பற்றி அதிகம் பேச வழியில்லை. புயல் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், அதைக் கைக்கொண்டவர் பொறுமையைப் பற்றித்தான் பேச முடியும். இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாவது நீர் ஒன்று உண்டு: மனித ஆற்றலை மிஞ்சிய வலிமையும், நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய ஒழுங்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும் இயல்பும் கொண்ட ஓத நீரோட்டம். ஊழைப் பற்றிய விவாதத்தில் இந்த நீர் உரிய இடத்தைப் பெற்றதில்லை என்பது ஒரு குறையே.

ஓதம் என்பது நிலவும் ஞாயிறும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி வற்றுவது. ஓத நீரோட்டம் என்பது அந்த ஏற்ற வற்றத்துக்காகக் கடல்நீர் கிடைமட்டமாக ஓடி வருவதும் ஓடிப் போவதும் ஆகும். தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூட எட்டாததால், கட்டுமரக்காரருக்கு ஓதத்தைவிடப் பருவக்காற்றும் அது தள்ளிவரும் நீரோட்டமுமே முதன்மையானவையாக இருந்தன. ஆனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயில் நிலைமை வேறு. பிரான்சின் செயின்ட் மாலோ துறைமுகத்தில், அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களைத் தொடர்ந்து ஓரிரு நாளில் வரும் பேரோதத்தின்போது, கடல்மட்டம் 12 மீட்டர் வரை ஏறி வற்றுகிறது. நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நீர் வந்து போவதற்கு ஒப்பானது அது. அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும், அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும் என்பதால், இடுக்கான இடங்களில் கடல் ஆறாகிவிடுகிறது. பிரெஞ்சு முனையான கேப் டி லா ஹேக்குக்கும் ஆல்டர்னி தீவுக்கும் இடையிலுள்ள, ஏறத்தாழ எட்டுக் கடல் மைல் அகலமுள்ள ஆல்டர்னி ரேஸ் என்ற நீரிணை அப்படிப்பட்ட இடம். பேரோத நாட்களில் அங்குச் சில பகுதிகளில் நீர் மணிக்கு ஒன்பது, பத்துக் கடல் மைல் வேகத்தை எட்டுகிறது. பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு நல்ல காற்றில் ஓடும் வேகமோ மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல். எதிரே வரும் நீரில் அந்தப் படகு முழுப் பாயும் விரித்து, முகப்பில் நுரை தெறிக்க, பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இடத்தைக் கடக்க எண்ணுபவர் செய்யும் ஆயத்தத்தைச் சற்று அணுகிப் பார்ப்பது தகும், ஏனெனில் இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஆயத்தத்திலேயே அடங்கியிருக்கிறது. அவர் கையில் இருப்பது இரண்டு நூல்கள். ஒன்று, இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் ஒவ்வொரு நாளும் உச்ச ஏற்றம் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று ஆண்டு முழுவதற்கும் அச்சிட்ட அட்டவணை. மற்றொன்று, டோவர் உச்ச ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் முன்பிலிருந்து ஆறு மணி நேரம் பின்பு வரை, மணிக்கு ஒன்றாகப் பதின்மூன்று படங்கள் கொண்ட நீரோட்ட ஏடு. ஒவ்வொரு படத்திலும் அந்த மணியில் நீர் எங்கே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறிகளும், அருகே பேரோதத்துக்கும் சிற்றோதத்துக்கும் உரிய வேகங்களும் இருக்கும். (சிற்றோதம் என்பது அரைநிலவை ஒட்டி வரும் தணிந்த ஓதம்.) ஏட்டில் நாளும் இல்லை, கடிகார நேரமும் இல்லை. பயணி அன்றைய டோவர் நேரத்தை அட்டவணையில் பார்த்து, பதின்மூன்று படங்களின் மூலையிலும் பென்சிலால் கடிகார நேரத்தை எழுதிக்கொள்கிறார். அதன்பின் படங்களைப் புரட்டினால், ஆல்டர்னி ரேஸில் நீர் டோவர் உச்ச ஏற்றத்தை ஒட்டித் தென்மேற்காகத் திரும்புவதும், ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து வடகிழக்காகத் திரும்புவதும் தெரிகின்றன. முனைக்குக் கிழக்கேயுள்ள பிரெஞ்சுத் துறைமுகமான செர்பூர்க்கிலிருந்து கெர்ன்சி தீவுக்குப் போக வேண்டியவர் டோவர் உச்ச ஏற்றத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டு, கரையோரமாக மேற்கே போய், நீர் திரும்பும் வேளையில் முனையை அடைந்தால், அதுவரை யாராலும் எதிர்த்து நிற்க முடியாத அதே நீர் அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு மணி நேரம் பிந்திப் புறப்பட்டவர் அந்த உதவியில் ஒரு பங்கை இழப்பார். ஆறு மணி நேரம் பிந்தியவர் முனையைத் தாண்டவே மாட்டார்.

இங்கே நடப்பது என்ன? நீரின் போக்கு ஓர் அணுவளவும் மாறவில்லை. படகின் வலிமையும் கூடவில்லை. ஆனாலும் ஒருவர் போய்ச் சேர்கிறார், மற்றவர் சேரவில்லை. ஊழ் உண்டு என்பதை முழுதாக ஒப்புக்கொண்டபின்னும் முயற்சிக்கு இடம் எஞ்சுமா என்ற கேள்விக்கு, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பண்டைய கிரேக்கர்களிடையே சோம்பல் வாதம் என்று பெயர் பெற்ற ஒரு வாதம் இருந்தது. நோய் தீர வேண்டும் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் தீரும், அழைக்காவிட்டாலும் தீரும். தீராது என்பது விதியானால் அழைத்தும் பயனில்லை. ஆகவே அழைப்பது வீண் என்பது அதன் சாரம். இன்றும் திண்ணைப் பேச்சில் வேறு உடையணிந்து உலவும் இந்த வாதத்துக்கு, கிமு 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்டோயிக் அறிஞர் கிரிசிப்பஸ் ஒரு விடை சொன்னார். நோய் தீர்வது விதிக்கப்பட்டது என்றால் மருத்துவரை அழைப்பதும் அதனோடு சேர்த்தே விதிக்கப்பட்டது. முடிவைத் தனியாகவும் வழியைத் தனியாகவும் பிரித்துவிட்டு, வழியில்லாமலேயே முடிவு வந்துவிடும் என்று எண்ணுவதுதான் பிழை. விடை கூர்மையானதே. ஆயினும் அழைப்பவர் அழைத்ததும், அழைக்காதவர் அழைக்காததும் அதே சங்கிலியின் கண்ணிகள் ஆகிவிடுவதால், இது சோம்பேறியின் வாயை அடைக்கிறதே தவிர, செயல்படுபவருக்குக் கையாள ஒன்றும் தருவதில்லை. ஸ்டோயிக்குகளுடையதாகச் சொல்லப்படும் இன்னோர் உவமை இதைவிடக் கசப்பானது: வண்டியின் பின்னால் கட்டப்பட்ட நாய் விரும்பினால் கூடவே ஓடும், விரும்பாவிட்டால் இழுபடும், எப்படியானாலும் போகும் இடம் ஒன்றே. நாயால் புறப்படும் நேரத்தைத் தேர்ந்துகொள்ள முடியாது. வண்டி நிற்கும் வேளையையோ திரும்பும் வேளையையோ அது அறியாது. மனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற முடிவு, கயிற்றோடு சேர்த்தே அந்த உவமைக்குள் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்டோயிக்குகள் இப்படிப்பட்ட உவமைகளுக்குப் போனதற்கு அவர்களுடைய கடலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. மத்தியதரைக் கடல் ஏறக்குறைய மூடிய கடல். மெசினா நீரிணை போன்ற சில இடங்கள் தவிர, அங்கு ஓதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. அங்கே ஆபத்து என்றால் காற்று. ஸ்டோயிக்குகளில் ஒருவரான எபிக்டெட்டஸ் தம் உரையொன்றில் கடற்பயணத்தை எடுத்துக்கொண்டு, தம்மால் செய்யக்கூடியவை மாலுமியையும் ஆட்களையும் நாளையும் வேளையையும் தேர்வது வரைதான், அதன்பின் புயல் வந்தால் அது தம் கவலை அன்று என்ற பொருள்படப் பேசுகிறார். நாளையும் வேளையையும் தேர்வது என்ற சொல் அவர் வாயிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் அவர் நிற்கவில்லை, அடுத்த மூச்சிலேயே புயலுக்குப் போய்விடுகிறார். அவருடைய கடலில் வேளையைத் தேர்வது குருட்டுக் கணிப்பு, புயலே மெய்யான ஆசிரியர். இந்தக் கடலில் வளர்ந்தவர்கள் வெளிக்கடலைச் சந்தித்தபோது நேர்ந்ததற்கு ஜூலியஸ் சீசரின் கிமு 55ஆம் ஆண்டுப் படையெடுப்பு சான்று. பிரிட்டன் கரையில் இறங்கிய சில நாட்களில், ஒரு பௌர்ணமி இரவில், கரையேற்றியிருந்த போர்க்கப்பல்களுக்குள் ஏறிவந்த கடல் புகுந்தது; நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல்களைக் காற்று மோதி உடைத்தது. பௌர்ணமிக்கும் பெருங்கடலின் உயர்ந்த ஏற்றத்துக்கும் உள்ள தொடர்பைத் தம் ஆட்கள் அறிந்திருக்கவில்லை என்று சீசரே தம் நூலில் பதிந்திருக்கிறார். அக்கரையில் வாழ்ந்த மீனவர்களுக்கு அது அன்றாட அறிவாக இருந்திருக்கும்.

ஸ்டோயிக்குகளிலும் ஒருவர் விதிவிலக்கு. கிமு 100ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொசிடோனியஸ், இன்று காடிஸ் எனப்படும் அட்லாண்டிக் கரை நகரான காடேசில் தங்கி, ஓதம் நாளொன்றுக்கும் மாதமொன்றுக்கும் எப்படி மாறுகிறது என்று கவனித்ததைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். வான்பொருள் ஒன்றின் நடை பூமியின் கடலில் எதிரொலிப்பதை, பேரண்டத்தின் உறுப்புகள் யாவும் ஒன்றோடொன்று இசைந்தவை என்ற தம் பள்ளியின் கொள்கைக்கு அவர் ஆதாரமாகக் கொண்டார். கொள்கையை உறுதிப்படுத்த ஓதத்தைப் பயன்படுத்தினாரேயன்றி, ஓதத்தைக் கொண்டு கொள்கையைத் திருத்தும் எண்ணம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ஓத அறிவில் அடுத்த அடியை எடுத்துவைத்தவர் எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு துறவி. வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட், 725ஆம் ஆண்டில் காலக்கணிப்பு பற்றி எழுதிய நூலில், ஈஸ்டர் திருநாளைக் கணக்கிடுவதற்காக நிலவின் நடையை ஆராயும் வழியில் கடலையும் ஆராய்கிறார். நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 48 நிமிடம் பிந்துவதுபோல் ஓதமும் பிந்துகிறது என்பதோடு, ஒரே கரையில் அமைந்த துறைகளிலும் ஏற்றம் ஒரே வேளையில் வருவதில்லை, ஒவ்வொரு துறைக்கும் நிலவிலிருந்து தனக்கே உரிய மாறாத பிந்துகை உண்டு என்பதையும் அவர் எழுதினார். ஓத அட்டவணைகளின் அடிப்படை இதுவே. சமய நோக்கில் இதன் பொருள் பெரிது. இறைவனின் ஆணை எங்கும் ஒன்றே. ஆனால் அது நிறைவேறும் மணி துறைக்குத் துறை வேறு. பொது விதியை மட்டும் தெரிந்தவருக்குத் தன் துறையின் மணி தெரியாது; அதைத் தெரிந்துகொள்ள அந்தத் துறையிலேயே நின்று பார்த்தாக வேண்டும். பீட் இதைக் கொண்டு விதியைப் பற்றி வாதம் எதையும் கட்டவில்லை. திருநாளைக் கணக்கிட்டதோடு அமைந்தார். கணக்கிடும் துறவிக்கும் காத்திருக்கும் படகோட்டிக்கும் ஒரே நிலவு போதுமானதாக இருந்தது என்பதே இங்குக் குறிக்கத் தக்கது.

ஓத நீரோட்டத்துக்கு இன்னோர் இயல்பு உண்டு. ஊழ் பற்றிய சிந்தனைக்கு அது இன்னும் நெருக்கமானது. நீரோட்டம் உள்ளிருப்பவருக்குத் தெரிவதில்லை. படகும் அதைச் சுற்றியுள்ள நீரும் ஒன்றாகவே நகர்வதால், மணிக்கு மூன்று மைல் பக்கவாட்டில் கொண்டுபோகப்படும் படகில், அலையின் சலசலப்போ சுக்கானின் கனமோ சற்றும் மாறாது. கடலடியோடு கட்டப்பட்ட ஒரு நண்டுக்கூண்டின் மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்னால் நீர்ச்சுவடு இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதுதான், ஓடுவது மிதவையன்று, தன்னைத் தாங்கிய கடல் முழுவதும் என்று அவர் அறிகிறார். கலிலியோ 1632இல் வெளியிட்ட உலக அமைப்புகள் பற்றிய உரையாடல் நூலில், சீராக நகரும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர் எந்தச் சோதனையாலும் அந்த நகர்வை அறிய முடியாது என்று விளக்குகிறார். அதே நூலின் இறுதிப் பகுதியில் ஓதத்துக்கு நிலவு காரணம் என்று சொன்ன வானியலாளர் கெப்ளரைக் கடிந்து, பூமியின் அசைவால் கடல் தளும்புவதே ஓதம் என்று சாதிக்கிறார். அந்தக் கணக்குப்படி நாளுக்கு ஒரே ஏற்றம்தான் வர வேண்டும், வருவதோ இரண்டு. உள்ளிருந்து உணர முடியாததை அவ்வளவு துல்லியமாகச் சொன்னவரே, வெளியிலிருந்து இழுப்பதை மறுத்துவிட்டார்.

உணர முடியாத இந்த ஓட்டத்தை எப்படிக் கையாள்வது என்பதில் தேர்ந்தவருக்கும் தொடக்கக்காரருக்கும் உள்ள வேறுபாடு, கால்வாயைக் குறுக்காகக் கடக்கும் நெடும்பயணத்தில் வெளிப்படுகிறது. இங்கிலாந்தின் நீடில்ஸ் பாறைகளிலிருந்து செர்பூர்க் ஏறத்தாழ 60 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம். அந்நேரத்தில் நீர் ஏறக்குறைய பாதி நேரம் கிழக்கேயும் பாதி நேரம் மேற்கேயும் படகைத் தள்ளும். தொடக்கக்காரர் வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டு, செயற்கைக்கோள் வழிகாட்டியின் திரையில் தாம் கோட்டிலிருந்து விலகும்போதெல்லாம் முகப்பைத் திருப்பிக் கோட்டுக்கே வருகிறார். குறுக்கே நீர் மணிக்கு மூன்று மைல் ஓடும்போது அவர் படகை ஏறத்தாழ 37 பாகை நீருக்கு எதிராகத் திருப்பி வைக்க வேண்டும். ஐந்து மைல் வேகம் கோட்டின் மீது நான்கு மைலாகக் குறைந்துவிடும். தேர்ந்தவரோ பன்னிரண்டு மணி நேரத்துத் தள்ளல்களையும் முன்கூட்டியே கூட்டிக் கழித்து, எஞ்சும் சிறு வேறுபாட்டுக்கு மட்டும் ஈடுசெய்து, ஒரே திசையில் சுக்கானைப் பிடித்து நிற்கிறார். படகு முதலில் கிழக்கே பல மைல் விலகுகிறது, பின்பு மேற்கே வளைகிறது. திரையில் அதன் தடம் பாம்பு நெளிவுபோல் தெரியும். நீரைப் பொறுத்தவரை அது இம்மியும் நெளியாத நேர்கோடு. குறைந்த நேரத்தில் சேர்வதும் அதுவே. விலகல் என்று திரை காட்டும் எண், நிலத்தில் நின்று அளப்பவரின் எண். ஒவ்வொரு மணியிலும் ஊழோடு மல்லுக்கு நின்று தன் கோட்டைக் காப்பவரையே உலகம் உறுதியானவர் என்று புகழ்கிறது. மொத்தக் கணக்கை அறிந்து விலகலை ஒப்புக்கொள்பவரின் உறுதி கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழ்ச் சிந்தனையில் இக்கேள்வி கூர்மையாக நிற்கும் இடம் திருக்குறள். அறத்துப்பாலின் கடைசியில், 38ஆம் அதிகாரமாக நிற்கும் ஊழ், அதைவிட வலியது ஏதுமில்லை என்று முடிகிறது. பொருட்பாலில் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்று முடிகிறது. இவ்விரண்டையும் பொருத்திக் காட்ட உரையாசிரியர் காலம் தொட்டு முயற்சிகள் நடந்துவருகின்றன. பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் சற்றுத் தணித்துப் பொருள் கொண்டார்கள். ஓதத்தின் வழியே பார்த்தால் வேறொரு வாய்ப்புத் தென்படுகிறது: இவ்விரண்டுக்கும் நடுவில் வரும் 49ஆம் அதிகாரமான காலமறிதலையே இரண்டையும் இணைக்கும் கொக்கியாகக் கொள்ளலாம். பகலில் காக்கை தன்னைவிட வலிய கூகையை வென்றுவிடும் என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. கூகையின் வலிமை குறைந்துவிட்டது என்று அங்குச் சொல்லப்படவில்லை. வலிமை என்பதே வேளையோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய ஒன்று என்றுதான் சொல்லப்படுகிறது. மணிக்கு ஐந்து மைல் ஓடும் படகு ஒன்பது மைல் நீரின் முன் கூகைக்கு இரவில் அகப்பட்ட காக்கை. நீர் நின்று திரும்பும் வேளையில் அதே படகுக்கு அதே ஐந்து மைல் தாராளம். அரசனுக்குச் சொன்ன போர்த் தந்திரத்தை ஊழ்க் கொள்கைக்கு விடையாக நீட்டுவது வள்ளுவரின் கருத்து என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஊழுக்கும் முயற்சிக்கும் நடுவே அவர் வலியையும் காலத்தையும் இடத்தையும் அறிவதற்கு மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதைப் பார்க்காமல் அந்த முரணைப் பேசுவதும் சரியாகாது.

இந்த உவமையின் எல்லையையும் மறைக்கக் கூடாது. ஓதம் திரும்பி வரும். தவறவிட்ட வேளை பன்னிரண்டரை மணி நேரத்தில் மறுபடியும் கிடைக்கும். மனிதருக்கு நேர்பவற்றில் பெரும்பாலானவை அப்படித் திரும்பி வருபவை அல்ல. முதுமைக்கு வற்றம் கிடையாது. இறந்த குழந்தையின் தாயிடம் நீர் திரும்பும் என்று சொல்வது கொடுமை. அந்த இடத்தில் மலையாற்றுத் தெப்பத்துக்கே உரிமை அதிகம். கணியன் பூங்குன்றனார் அதிலிருந்து முயற்சியின்மையை வருவிக்காமல், பெரியோரை வியப்பதும் சிறியோரை இகழ்வதும் வேண்டாம் என்ற முடிவை வருவித்தது, அந்த உவமையின் வரம்பை அவர் நன்கு அறிந்திருந்ததைக் காட்டுகிறது. அட்டவணைக்கும் எல்லை உண்டு. அது வானத்தின் பங்கை மட்டுமே சொல்லும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும் என்பதையும், தென்மேற்கிலிருந்து அடிக்கும் பலத்த காற்றை நோக்கித் தென்மேற்காக ஓடும் நீர் மோதினால், ஆல்டர்னி ரேஸில் சுவர்போல் செங்குத்தான அலைகள் எழும் என்பதையும் அது சொல்லாது. அத்தகைய நாளில் சரியான வேளையே தவறான வேளையாகிவிடும். எபிக்டெட்டஸின் புயல் இங்கே திரும்பி வந்துவிடுகிறது.

பேரண்டத்தின் ஒரு கணத்து நிலையை முழுதும் அறிந்த அறிவுக்கு எதிர்காலம் இறந்தகாலத்தைப் போலவே கண்முன் நிற்கும் என்று 1814இல் எழுதிய பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஓதத்தின் சமன்பாடுகளை ஆராய்ந்தவர். ஊழ்க் கொள்கையின் மிகக் கண்டிப்பான நவீன வடிவமும் ஓத அறிவியலின் அடித்தளமும் ஒரே மனிதரின் கையெழுத்தில் கிடைக்கின்றன. ஆயினும் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் எவ்வளவு நீர் ஏறும் என்று சொல்ல அவருக்குச் சமன்பாடு மட்டும் போதவில்லை. அந்தத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் அளந்த அளவுகளை அவர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

வேளை தவறியவர்கள் கேப் டி லா ஹேக்குக்குக் கிழக்கே ஏதேனும் ஒரு குடாவில் நங்கூரமிட்டு, பாயைச் சுருட்டி வைத்து, தேநீர் வைக்கிறார்கள். நங்கூரச் சங்கிலி நீரோட்டத்தில் விறைத்து நிற்கிறது; சில மணி நேரத்தில் தொய்கிறது; படகு மெல்ல வட்டமடித்து மறுபக்கம் முகம் திருப்புகிறது. அப்போது ஏட்டின் மூலைகளில் எழுதிய பழைய மணிகள் அழிப்பானால் தேய்க்கப்பட்டு, புதிய மணிகள் எழுதப்படுகின்றன.